முகதாட்சண்யத்தில் போகிற நிலம்

1

ராயபுரத்திலிருந்து என் மச்சான் அந்தோணி, அதாவது ரெஜினாவின் தம்பி, கடிதம் போட்டிருக்கிறான். திருவொற்றியூர்க் கரையில் நாம் வலை காயப்போடுகிற மணல்மேட்டைச் சுற்றிச் சுவர் எழுப்பி முடித்துவிட்டார்களாம். சுவருக்கு மேல் கண்ணாடிச் சில்லு வேறு பதித்திருக்கிறார்களாம். கடைசியில் ஒரு கேள்வி: "இன்னா மாமு, ஒங்க அமெரிக்காவுல இந்த மாதிரி அக்குருமம்லாம் நடக்குமா?"

நடக்கும் என்று ஒரே வார்த்தையில் எழுதிப்போட்டுவிடலாம். ஆனால் ஒரு வார்த்தையோடு நிறுத்துகிற ஆள் நான் இல்லை என்பது ராயபுரத்தில் நண்டு சிண்டுக்குக்கூடத் தெரியும். அதனால் அந்தோணிக்கும் உங்களுக்குமாகச் சேர்த்து விவரமாகவே எழுதுகிறேன்.

என்னைத் தெரியாதவர்களுக்கு: யுத்த காலத்தில் மெட்ராஸ் துறைமுகத்து ஒர்க்ஷாப்பில் கிரேன் பார்த்துக்கொண்டிருந்த ஃபிட்டர் சவரிமுத்து நான்தான். அப்போது அங்கே வந்து போன ஓர் அமெரிக்க எஞ்சினியர் என் கைவேலையைப் பார்த்து வைத்துக்கொண்டு, ஊர் திரும்பியதும் தன் அப்பாவின் கராஜுக்கு ஆள் வேண்டும் என்று கூப்பிட்டான். நானும் ரெஜினாவும் கப்பல் ஏறினோம். வந்து இறங்கிய இடத்தில் குடும்பப் பெயர் என்ன என்று கேட்டார்கள். அப்படி ஒன்று எங்கள் வம்சத்திலேயே கிடையாது. அப்பா பெயர் மிக்கேல் என்று சொல்லிவைத்தேன். அன்றிலிருந்து ஊருக்கே நான் மைக். ரெஜினா, மாமனார் பெயரைத் தலையில் சுமந்துகொண்டு மிஸஸ் மிக்கேல். செத்துப்போன என் அப்பா கேட்டால் விழுந்து விழுந்து சிரிப்பார்.

2

நாங்கள் இருப்பது தென் டகோட்டாவில், மிசௌரி ஆற்றுக்கு மேற்கே. கடல் என்பது இங்கே பள்ளிக்கூடப் படத்தில் மட்டும். புல், காற்று, மறுபடியும் புல். காற்று இத்தனை இருப்பதால் தண்ணீர் இறைக்கக் காற்றாலை பம்புகள் வைத்திருக்கிறார்கள். அவற்றைப் பழுது பார்ப்பதுதான் என் வேலை. குளிர்காலத்தில் ஸ்பானரைத் தொட்டால் தோல் அதிலேயே ஒட்டிக்கொள்ளும். எங்கள் மேரிக்கு எட்டு வயசு. "டாட், நீ வி-யையும் டபிள்யூவையும் ஒரே மாதிரி சொல்றே" என்று என்னைத் திருத்துகிறாள். கருவாடு வறுத்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு ஓடுகிறாள். கண்காணாத தேசத்தில் கருவாட்டுக்கு நான் பட்ட பாடு அவளுக்கு எங்கே தெரியப்போகிறது? வயிறு எரிகிறது, வேறென்ன.

இந்தப் பக்கத்தின் பழைய சொந்தக்காரர்கள் லகோட்டா என்கிற செவ்விந்திய ஜனங்கள். என்னோடு கராஜில் வேலை செய்யும் எடி அவர்களில் ஒருவன். என் தோஸ்து. அவன் என்னோடு பேசுவது இங்கிலீஷ்தான், ஆனால் எனக்குள் அது ராயபுரத்துப் பேச்சாகத்தான் இறங்குகிறது. அப்படியே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒருநாள் பம்பு மேலே உட்கார்ந்து, கண்ணுக்கெட்டிய தூரம் ஓடுகிற முள்கம்பியைக் காட்டி, இதெல்லாம் யாருடையது என்று கேட்டேன்.

"ஜான்சனுது," என்றான். ஜான்சன் இங்கே பெரிய மாட்டுப் பண்ணைக்காரர்.

"அதுக்கு முன்ன?"

"அதுக்கு முன்ன ஒருத்தருதும் இல்ல மைக்கு, எல்லாருதும். சர்க்காரு வந்து கோடு போட்டுது. ஆளுக்கு ஒரு சதுரம், பேரை எய்திக்கோன்னுது. மீதி நிலத்தை வெளியாளுக்குக் குட்த்துட்டாங்க. மீதின்னு ஒண்ணு கீறதே அன்னிக்கிதான் எங்களுக்குத் தெரியும்."

"சரி, உங்க சதுரம் எங்க?"

"அத்த கேளு. மொதல்ல சர்க்காரே பத்திரமா வெச்சினு இருந்துது, நம்மால விக்க முடியாது. அப்பால ஒரு நாளு எங்க நைனாவைக் கூப்ட்டாங்க. ஊரே நின்னு பாக்குது. கையில வில்லைக் குட்த்து, கடைசியா ஒரு அம்பு வுடுன்னாங்க. வுட்டாரு. இப்ப கலப்பையைப் பிடின்னாங்க. பிடிச்சாரு. இன்னிலேந்து நீ வெள்ளைக்காரன் மாதிரி, நிலத்தை நீயே வெச்சிக்கலாம், விக்கலாம்னு சொல்லி ஒரு மணிபர்சு குட்த்தாங்க. தொறந்து பார்த்தா காலி. அடுத்த வருசம் வரி கேட்டு வந்தாங்க. பர்சு காலியா இருந்தா வரி எங்கேந்து கட்றது? நிலம் பூட்ச்சி."

"அந்த அம்பு எங்க போயி வுயுந்துது?"

எடி கம்பிக்கு அப்பால் கையைக் காட்டினான். "அது வுயுந்த இடமும் இப்ப ஜான்சனுது," என்றான். இருவரும் சிரித்த சிரிப்பில் நான் பம்பு மேலிருந்து விழப் பார்த்தேன்.

3

அந்தோணி, இதைப் படிக்கும்போது உனக்கு நம் மணல்மேடு ஞாபகம் வந்திருக்கும். எனக்கும் வந்தது.

சுதந்திரம் வருவதற்கு ஒன்றிரண்டு வருஷம் முன்பு, கம்பெனிக்காரர் ஒருவர் குப்பத்துக்கு வந்தார். பெரிய மனுஷன். வெள்ளைச் சட்டை மணலில் படுகிறதே என்று கவலைப்படாமல் எல்லோரோடும் சேர்ந்து கீழே உட்கார்ந்தார். இரும்புக் குழாய் வந்து இறங்கியிருக்கிறது, வைக்க இடமில்லை, ஒரு மாசத்துக்கு இந்த ஓரமாக அடுக்கிக்கொள்ளலாமா என்று கேட்டார். அவர் கேட்ட விதத்தைப் பார்க்க வேண்டுமே, பெண் கேட்டு வந்தவர் மாதிரி அத்தனை பணிவு.

என் மாமா, அம்மாவின் அண்ணன், குப்பத்தில் பேசத் தெரிந்தவர். அவரே தலையைச் சொறிந்தார். வீடு தேடி வந்த மனுஷன் வாய் விட்டுக் கேட்கிறார், எப்படி இல்லை என்பது? "அதுக்கின்னா நைனா, வெச்சிக்கோ. காலியாதான கீது," என்றார். வந்தவர் எல்லோருக்கும் கலர் சோடா வாங்கிக் கொடுத்தார்.

குழாய் வந்தது. குழாய்க்குக் காவலாக ஒரு வாட்ச்மேன் வந்தான். வாட்ச்மேனுக்கு ஒரு குடிசை வந்தது. குடிசையைச் சுற்றி மாடு வருகிறது என்று கம்பி வந்தது. கம்பிக்கு உள்ளே வலை காயப்போடப் போனால் வாட்ச்மேன், "இன்னாத்துக்கு இங்க வர்ற?" என்று கேட்டான். அவனுக்கும் நாங்கள்தான் தினம் மீன் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

மாமா செய்ததை நான் தப்பென்று சொல்ல மாட்டேன். நான் அந்த இடத்தில் இருந்திருந்தாலும் சோடாவைக் குடித்துவிட்டுத் தலையை ஆட்டியிருப்பேன். கத்தியைக் காட்டி வருகிறவனை நம் ஜனங்கள் ஓட ஓட விரட்டுவார்கள். கையைக் கட்டிக்கொண்டு வந்து கேட்கிறவனிடம்தான் நம் முகதாட்சண்யம் காலை வாரிவிடுகிறது.

4

போன வசந்த காலத்தில் எடிக்கு அந்தச் சோதனை வந்தது.

அவன் குடியிருக்கும் சதுரம் அவனுடைய மாமனார் பெயரில் வந்தது. அவர் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார். அது மட்டும் வரிக்குப் போகாமல் இன்னும் சர்க்கார் காவலில் இருக்கிறது. பங்குக்கோ ஒரு பட்டாளம். மாமியார் ஆக்னெஸ், அவளுடைய பிள்ளைகள், செத்துப்போன பிள்ளைகளின் பிள்ளைகள். எடியின் மனைவி காசநோயில் போனபோது அவள் பங்கு எடிக்கும் அவன் மகள் நோராவுக்கும் வந்தது. நிலத்தின் இந்தக் கோடியில் எடியின் மரவீடு, அந்தக் கோடியில் ஆக்னெஸின் மரவீடு, நடுவே ஓடையும் ஏழெட்டுக் குதிரைகளும். எடிக்கு உலகத்தில் இருப்பது அவ்வளவுதான்.

ஆக்னெஸ் என்ற பெயரைக் கேட்டதும் எனக்கு அவள்மேல் ஒரு பாசம். நம் ராயபுரத்தில் தெருவுக்கு மூன்று ஆக்னெஸ் உண்டே.

அந்தச் சதுரத்தை ஜான்சன் கேட்டார். சுற்றிலும் அவர் நிலம், நடுவில் இது ஒன்றுதான் பாக்கி. பங்காளிகள் அத்தனை பேரும் கையெழுத்துப் போட்டால்தான் விற்பனை செல்லும். முக்கால்வாசிப் பேர் சரி என்றுவிட்டார்கள். பாவம், அவர்களையும் சொல்லிக் குற்றமில்லை. துளித்துளியாய்ப் போன பங்கு, அதில் ஒரு கன்றுக்குட்டிகூட மேய முடியாது. ஆக்னெஸின் மூத்த மகன் வில்பருக்கு ஒரு பழைய பிக்கப் வண்டி வாங்க ஆசை.

"நீ மாட்டேன்னு சொல்லிடேன்," என்றேன் எடியிடம். "ஒரு கையெழுத்து கொறஞ்சாலும் நடக்காதில்ல?"

எடி என்னை ஏதோ கெட்ட வார்த்தை சொன்னவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். "சொந்தக்காரன் வந்து கேக்குறான். இல்லேன்னு எப்டி சொல்றது? எங்களுக்குள்ள கஞ்சப்பய்யன்னு பேர் எடுத்தா, அதோட அவன் கத கந்தல். வில்பர் என் மச்சான் வேற. ராவும் பகலும் கிண்டல் பண்றவன், இதுக்கு மட்டும் தலையைத் தொங்கப் போட்டுக்கினு வந்து கேட்டான். நான் சரின்னுட்டேன்."

"உங்க மாமியா?"

"அவங்களும் சரின்னுட்டாங்களாம். பெத்த புள்ள கேக்குது."

"அப்ப நீ எங்க போவ?"

"தெர்ல மைக்கு," என்றான். ஸ்பானரை எடுத்துக்கொண்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டான். 

வீட்டுக்கு வந்து ரெஜினாவிடம் கத்தினேன். உலகத்தின் இரண்டு கோடியிலும் ஒரே கோளாறாக இருக்கிறதே, இந்த ஜனங்களுக்கும் நம் ஜனங்களுக்கும் இல்லை என்கிற ஒரு சொல்லை யாராவது கற்றுக்கொடுக்கக் கூடாதா என்று கத்தினேன். "நீ எத்தினி தபா எனக்கு இல்லேன்னு சொல்லிக்கீற, அத்த போயி அவங்களுக்குக் கத்துக்குடு," என்றாள்.

5

கையெழுத்துப் போடும் நாளில் பங்காளிகளை, நிலத்தைக் காவல் வைத்திருக்கும் சர்க்கார் ஆபீசுக்குக் கூட்டிவர எங்கள் கராஜ் டிரக்கை அமர்த்தியிருந்தார்கள். ஓட்டுகிற புண்ணியம் எனக்கு.

முதலில் ஆக்னெஸை ஏற்றினேன். குள்ளமான, நிமிர்ந்த கிழவி, முகத்தில் சிரிப்பு எங்கோ ஒளிந்திருக்கும். இங்கிலீஷ் அதிகம் பேச மாட்டாள், அதனால் எடுத்துச் சொல்லப் பேத்தி நோராவும் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். அங்கிருந்து எடி வீட்டு வாசலில் நிறுத்தி ஹாரன் அடித்தேன். எடி வந்தான். வண்டிக்குள் பார்த்தான். சட்டென்று திரும்பி நின்று ஆகாயத்தை ஆராய ஆரம்பித்தான். இந்தப் பக்கம் ஆக்னெஸ் மறு கதவைத் திறந்து இறங்கி, எதிர்த் திசையில் புல்லைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

நடுவில் நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு முழிக்கிறேன். "ஏறுய்யா, நேரமாவுது. உங்க சண்டையை அப்பறம் வெச்சிக்கலாம்," என்றேன்.

"சண்டை இல்லை," என்றாள் நோரா. "மருமகன் மாமியாரோடு பேசக் கூடாது. முகம் பார்க்கக் கூடாது. பக்கத்தில் உட்காரக் கூடாது. அது மரியாதை."

தலையில் அடித்துக்கொண்டேன். இத்தனை காலமாக இரண்டு பேருக்கும் ஆகாது, அதனால்தான் பேச்சு வார்த்தை இல்லை என்று நினைத்திருந்தேன். ராயபுரத்தான் எனக்கா இது உறைக்கவில்லை?

என் மாமியார் இருந்தார்களே, அந்த மகராசி, கல்யாணமான நாளிலிருந்து என்னிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. எல்லாம் கதவுக்குப் பின்னாலிருந்து, கோழியிடம்தான். "ஏ கோயி, மாப்ளைக்கு இன்னும் ரெண்டு துண்டு மீனு வோணுமான்னு கேளு." நானும் கோழியைப் பார்த்தே, "போதும்னு சொல்லு," என்பேன். "ஏ கோயி, மூஞ்சைப் பார்த்தா போதும்னு தெர்லியே." அதற்குள் தட்டில் மீன் விழுந்திருக்கும். ஒரு கிறிஸ்துமஸுக்கு அந்தக் கோழியையே குழம்பு வைத்துவிட்டார்கள். அப்புறம் இரண்டு நாள் எங்களுக்குள் பேச்சே இல்லை. மூன்றாம் நாள் பூனையை வைத்து ஆரம்பித்தார்கள். அத்தனை மரியாதை என்மேல், அத்தனை பிரியம். நான் கப்பலேறிய அன்று கதவுக்குப் பின்னால் அவர்கள் அழுத சத்தம் இப்போதும் என் காதில் இருக்கிறது.

எடியிடம் மன்னிப்புக் கேட்டேன். ஆக்னெஸையும் நோராவையும் ஆபீசில் விட்டுவிட்டு, மறுபடி வந்து அவனை ஏற்றிக்கொண்டு போனேன்.

6

ஆபீசர் புதுசு. கெட்டவர் இல்லை, சட்டம் பிசகாதவர். முன்பு வேலை பார்த்த இடத்தில், தன் காதில் விலையே விழவில்லை என்று ஒரு பங்காளி பின்னால் வழக்குப் போட்டுவிட்டாராம். அதனால் இவர் ஒரு விதி வைத்திருந்தார். எல்லோரும் ஒரே அறையில், ஒரே நேரத்தில் உட்கார வேண்டும். விலையை உரக்கப் படிப்பார். ஒவ்வொருவரையும் மற்றவர்கள் முன்னால் சம்மதம் கேட்பார். பிறகு கையெழுத்து.

அறை நிறைய சொந்தக்காரர்கள். நடு நாற்காலியில் ஆக்னெஸ். வெளியே முற்றத்தில், முதுகைக் காட்டிக்கொண்டு எடி.

"அவரை உள்ளே வரச் சொல்லுங்கள்," என்றார் ஆபீசர்.

"வர மாட்டாரு. அவரு மாமியார் உள்ள கீறாங்க," என்றான் வில்பர்.

"அப்படியானால் இந்த அம்மாள் சற்று வெளியே இருக்கட்டும்."

"அப்ப எல்லாரும் ஒரே ரூம்ல இல்லியே," என்றாள் பங்காளிகளில் ஒருத்தி.

ஆபீசர் தன் விதியையே முறைத்துப் பார்த்தார். எடியிடம் போய்ப் பேசினார். எடி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, கையெழுத்துப் போடத் தனக்கு எந்தத் தடையும் இல்லை, மாமியாரை அவமதிக்க மட்டும் முடியாது என்றான். உள்ளே வந்து ஆக்னெஸிடம் கேட்டார். கையெழுத்துப் போடத் தயார், மருமகனை அவமதிக்க முடியாது என்று நோரா மூலம் பதில் வந்தது. வில்பரைப் பார்த்தார். அம்மாவிடம் மானங்கெட்ட காரியம் செய் என்று எந்தப் பிள்ளை சொல்லுவான்? அவன் தரையைப் பார்த்தான். ஜான்சன் காருக்குள் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சொன்ன விலை அந்த வாரத்தோடு சரி.

கடைசியில் ஆபீசர் வாசலில் நின்ற என்னைப் பார்த்தார். "மைக், நீங்களும் கிழக்கத்தியர். உங்கள் தேசத்திலும் இப்படிப் பழக்கங்கள் உண்டு என்று கேள்வி. இந்த மாதிரி நேரத்தில் அங்கே என்ன செய்வார்கள்?"

என்ன செய்வார்களா? எனக்குத் தெரியாததா? எங்கள் வீட்டுப் பத்திரத்துக்கு என் மாமியார் கைநாட்டு வைக்க வேண்டி வந்தபோது, நான் அதே அறையில்தான் இருந்தேன். குறுக்கே கயிறு கட்டி ஒரு போர்வையைப் போட்டார்கள். போர்வைக்கு அந்தப் பக்கத்திலிருந்து கட்டைவிரல் மட்டும் வந்தது. குமாஸ்தா மை தடவி ஒற்றி எடுத்தார். தீர்ந்தது வேலை. கயிறும் தார்ப்பாயும் என் டிரக்கிலேயே இருந்தன. பதில் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. எனக்கு ஒன்று தெரிந்தால் சொல்லாமல் இருப்பது உயிர் போகிற விஷயம்.

முற்றத்தில் எடியின் முதுகு தெரிந்தது.

"எங்க ஊர்லங்களா சார்?" என்றேன். "எங்க ஊர்ல அந்த வேலையையே கைகழுவி வுட்ருவாங்க."

ஆபீசர் பெருமூச்சு விட்டு ஃபைலை மூடினார்.  சர்க்காரிடம் பொய் சொல்லியிருக்கிறேன், என் குடியுரிமைக் காகிதம் வேறு எங்கோ ஒரு மேஜையில் கிடக்கிறது. ஜான்சனின் கார் புழுதி கிளப்பிக்கொண்டு போயிற்று. அவர் பிறகு வேறு இடம் வாங்கிக்கொண்டார். அதுவும் ஒரு லகோட்டாக் குடும்பத்தின் நிலம்தான். அதை நினைத்தால் எனக்கு இன்னும் மனசு கஷ்டமாக இருக்கிறது.

7

அந்த வாரம் முழுக்க நான் தரையில் நடக்கவில்லை. ஒரு சதுரத்தை, அதன் ஓடையோடும் குதிரைகளோடும், ஒரே வாக்கியத்தில் காப்பாற்றினவன் நான் என்று ரெஜினாவிடம் காலையில் ஒரு தரமும் சாயங்காலம் ஒரு தரமும் சொன்னேன். போர்வைக் கதையை அந்த அறையில் அறிந்தவன் நான் ஒருவன்தான், நான் மட்டும் வாயைத் திறந்திருந்தால் எடி நடுத்தெருவில் நின்றிருப்பான் என்றேன். அவள் பருப்பைக் கிளறிக்கொண்டே, "உம், உம்," என்று கேட்டுக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனோம். ரெஜினா பாட்டுக் கோஷ்டியில் முன்னால் நிற்பாள். நான் பின்னால், அடுப்புக்குப் பக்கத்துப் பெஞ்சு. கதகதப்புக்குக் கண்ணை மூடினால் ஆசீர்வாதத்துக்குத்தான் திறப்பேன், அதைப் பக்தி என்றே வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்குச் சாமியாருக்குத் தொண்டை கட்டியிருந்ததால் கோஷ்டிக்குப் பாட்டு கிடையாது. ரெஜினா என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். தூங்க முடியவில்லை. வேறு வழியில்லாமல் கோயிலுக்குள் கண்ணைச் சுற்றவிட்டேன்.

நாலாவது பெஞ்சில் ஆக்னெஸ், சால்வையை மூக்கு வரைக்கும் இழுத்து முகத்தை மூடி உட்கார்ந்திருந்தாள். இரண்டாவது பெஞ்சில் எடி, பீடத்தைப் பார்த்தபடி. ஒரே கூரை, ஒரே அறை. சுற்றிலும் அன்றைக்கு ஆபீசில் இருந்த அத்தனை சொந்தமும். காணிக்கைத் தட்டை எடுத்து வந்த வில்பர், மச்சானிடம் நீட்டினான், அப்புறம் அம்மாவிடம் நீட்டினான், ஒன்றுமே நடக்காதவன்போல என்னிடமும் நீட்டினான். அவனுக்கு இன்னும் பிக்கப் வண்டி இல்லை.

நான் ரெஜினாவின் முழங்கையைப் பிடித்தேன். "இவுங்க ரெண்டு பேரும் ஒரே எடத்துல..."

"நாம வந்த நாள்லேந்து வாரா வாரம் அப்டித்தான் குந்தினு கீறாங்க," என்றாள் ரெஜினா. "சால்வையை இஸ்த்து வுட்டா மரியாதைக்கு மரியாதையும் ஆச்சி, பூசைக்குப் பூசையும் ஆச்சி. ஊருக்கே தெரியும்."

"அப்ப அன்னிக்கி ஆபீஸ்லயும் சால்வையை இஸ்த்துக்கினு..."

"உம்," என்றாள்.

ஆயுசுக்கும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளாத இரண்டு பேர், ஒருவர் முகத்தை ஒருவர் பாராமலே, ஒரே காரியத்தைச் செய்திருக்கிறார்கள். அறையில் இருந்த பங்காளிகள், பிக்கப் கேட்ட வில்பர் உள்பட, அத்தனை பேரும் தெரிந்துகொண்டே வாயைத் திறக்கவில்லை. நான் சொல்ல வாயெடுத்தேன்.

"வாய மூடுய்யா, பூசை நடக்குது," என்றாள் ரெஜினா. மூடிக்கொண்டேன்.